வேரில்லாத ஆர்கிட்டுக்குத் தண்ணி ஊத்தாதீங்க சாமி!

எங்க வகுப்புல இப்போ ஆளாளுக்கு ஆர்கிட் வைத்தியர் ஆகிட்டாங்க. வேர் அழுகிப்போன ஃபலெனாப்ஸிஸ் செடி ஒண்ணோட போட்டோ வாட்ஸ்அப்ல வந்ததுதான் தாமதம். சர்க்கரைத் தண்ணியில ஊற வை, பட்டைத்தூள் தடவு, வாழைப்பழத் தோல் ஊறல் ஊத்து, தினம் ரெண்டு ஐஸ்கட்டி வை... கடைசியா ஒரு புண்ணியவான், "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு". இந்தப் பதிவு அத்தனை பேரோடும் சண்டை போடத்தான்.

முதல்ல வேர் ஏன் போச்சு? தண்ணி இல்லாம இல்லைங்க, காத்து இல்லாம. அது காட்டுல மரக்கிளையைப் பிடிச்சு வளர்ற செடி. (ஒட்டுண்ணி இல்லை. மரத்துக்கிட்ட எதையும் உறிஞ்சாது, சும்மா குடியிருக்கும். வாடகை கிடையாது!) வேரைச் சுத்தி வெலமென்னு பஞ்சு மாதிரி ஒரு உறை. நனைஞ்சா பச்சை, காய்ஞ்சா வெள்ளி நிறம். அதை ஈரப்பாசியில திணிச்சு, அடியில ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டியில இறக்கி, தினமும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா மூச்சுமுட்டி அழுகாம என்ன செய்யும்? விக்கிறவருக்குப் பூ உதிர்ற வரைக்கும் தாங்கினா போதும். செத்தா நாமதானே மறுபடி போய் நிப்போம்?

பி.காம் மூளைக்கு இது எளிமையான வரவு செலவுக் கணக்கு. வேர் வழியா வர்ற தண்ணி வரவு. இலை வழியா ஆவியாகிறது செலவு. வரவே நின்னுபோன கடையில முதல்ல என்ன செய்வோம்? செலவைக் குறைப்போம். நம்மாளுங்க வரவுக்கு வழியே இல்லாத இடத்துல போய்க் கொட்டறாங்க.

அழுகினதைச் சுத்தமான பிளேடால நறுக்குங்க. பூத்தண்டு இருந்தா அதையும். மனசு கேக்காதுதான், ஆனா இருக்கிற சேமிப்பைத் தின்னு தீர்க்கிறதே அதுதான். ஒரு நாள் நிழல்ல வெட்டுக்காயம் உலரட்டும். அப்புறம் ஒரு கண்ணாடி டப்பா, அடியில நனைச்சுப் பிழிஞ்ச பாசி, செடியோட அடித்தண்டு அதுல படாம மேல. லேசா மூடி, தினமும் கொஞ்ச நேரம் திறந்து காத்து விடுங்க. வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது (மூடின டப்பா வெயில்ல இட்லிப் பானை). உரம் வேண்டவே வேண்டாம். போர் தண்ணியை விட மழைத்தண்ணி நல்லது. எங்க வீட்டு பக்கெட்ல படியற வெள்ளை உப்பைப் பார்த்தா நீங்களே ஒத்துக்குவீங்க. இலைகளுக்கு நடுவுல தண்டைக் கிழிச்சுக்கிட்டுப் பச்சை முனை எட்டிப்பார்க்க ஒரு மாசம் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்.

சர்க்கரைக் கட்சிக்கு ஒரு வார்த்தை. 1922ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் ஆர்கிட் விதையைச் சர்க்கரை கலந்த கூழ்ல முளைக்க வெச்சது உண்மைதான். அது கிருமி நீக்கின குடுவைக்குள்ள. உங்க டம்ளர்ல அந்தச் சர்க்கரையைச் சாப்பிடப் போறது பூஞ்சையும் பாக்டீரியாவும். பட்டைத்தூள் பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும், ஆனா மிச்சமிருக்கிற உயிர்வேரையும் காய வெச்சிடும். வெட்டின முனையில மட்டும் வைங்க.

"மெட்ராஸுக்கு ஆர்கிட் ஆகாது"ன்னு இன்னொரு சாக்கு. வாண்டா டெசெல்லேட்டா தமிழ்நாட்டுச் சமவெளி மரங்கள்லயே வளர்ற ஆர்கிட், தெரியுமா? பொழிச்சலூர்ல ஐப்பசி கார்த்திகையில துவைச்ச துணி ரெண்டு நாளானாலும் காயாது. குளிர்நாட்டுக்காரன் காசு கொடுத்து மெஷின் வெச்சு உண்டாக்கிற ஈரக்காத்து நமக்கு ஓசியில வருது.

ஒண்ணே ஒண்ணு. நடுத்தண்டை அழுத்திப் பாருங்க. கறுத்துக் கூழாயிருந்தா புது வேர் கிளம்ப இடமே இல்லை, அப்போ அந்தப் புண்ணியவான் சொன்னபடி செய்யலாம். தொட்டியை மட்டும் எறியாதீங்க, அடியில நாலு ஓட்டை போட்டு வைங்க.