கடைக்கோடிக் குழாயில் மாதிரி எடுங்கள்

ஆற்று நீரில் குளோரின் சேர்த்த பிறகே குளோரோஃபார்ம் உருவாகிறது என்று ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தின் வேதியியலாளர் யோஹானஸ் ரூக் 1974-இல் காட்டினார். அரை நூற்றாண்டு போய்விட்டது. எஞ்சிய குளோரினை அன்றாடம் அளக்கும் நாம், குளோரோஃபார்ம் உள்ளிட்ட ட்ரைஹாலோமீத்தேன்களை எப்போதாவதுதான் அளக்கிறோம். அளக்கும்போதும் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயிலில் மாதிரி எடுத்து முடித்துக்கொள்கிறோம்.

அங்கே வினை தொடங்கித்தான் இருக்கும். குழாயிலும் மேல்நிலைத் தொட்டியிலும் நீர் கிடக்கும் நேரம், வெப்பம், காரத்தன்மை எல்லாம் சேர்ந்து அளவை ஏற்றிக்கொண்டே போகும். மே மாதச் சென்னையில் கடைக்கோடித் தெருவுக்கு வந்துசேரும் நீரின் நிலையை வெளிவாயில் மாதிரி சொல்லாது.

மாதிரி எடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. 40 மி.லி. கண்ணாடிக் குப்பியில் முதலில் சோடியம் தயோசல்ஃபேட் போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஆய்வகம் போய்ச்சேரும் வரை குப்பிக்குள்ளேயே வினை நடந்து அளவு கூடிவிடும். நீர் விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும்வரை மெதுவாக நிரப்பி, மூடி, தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் மாதிரியைக் கொட்டிவிட்டு வேறொரு குப்பியில் எடுங்கள். ஆவியாகும் சேர்மங்கள் அந்த வெற்றிடத்துக்குப் போய்விடும், அளவு குறைந்து காட்டும். பிறகு ஐஸ் பெட்டி.

குளோரோஃபார்மை மட்டும் பார்ப்பதும் போதாது. கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி போன்ற நிலையங்களின் நீர் கலக்கும் பகுதிகளில் மற்றவற்றையும் பார்ப்பது மிக முக்கியம். உப்பைத் தடுக்கும் சவ்வைத் தாண்டி வரும் சிறிதளவு புரோமைடு, புரோமின் கலந்த சேர்மங்களைப் பெருக்கும். ஒரு மாதிரியில் லிட்டருக்குக் குளோரோஃபார்ம் 0.12, புரோமோடைகுளோரோமீத்தேன் 0.04 மி.கி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 தரும் வரம்புகள் முறையே 0.2, 0.06, தனித்தனியே பார்த்தால் இரண்டும் தேறிவிடும். உலக சுகாதார நிறுவனமோ ஒவ்வொன்றையும் அதற்குத் தான் தரும் வழிகாட்டு அளவால் வகுத்துக் கூட்டச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இதே மாதிரி 1.07, ஒன்றைத் தாண்டிவிட்டது. நம் அறிக்கைப் படிவத்தில் இந்தக் கூட்டுத்தொகைக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

அளவு கூடினால் குளோரினைக் குறைக்கலாம் என்ற யோசனை எழும். கூடவே கூடாது. விட்டுவிட்டு நீர் வரும் நகரத்தில், அழுத்தம் இறங்கும் நேரத்தில் கழிவுநீர் குழாய்க்குள் கசிகிறது. காலராவும் மஞ்சள்காமாலையும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தாக்குபவை. குளோரினால் உருவாகும் துணைப்பொருள்களின் தீங்கு பல்லாண்டுக் கணக்கு. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. எஞ்சிய குளோரின் இருந்தே தீர வேண்டும்.

குறைக்க வேண்டியது குளோரினுக்குக் கிடைக்கும் கரிமப் பொருளை. பாசி மண்டிய ஏரி நீரில், படிகாரம் சேர்க்கும் முன்பே குளோரினைக் கொட்டும் வழக்கம் பல நிலையங்களில் இன்னும் இருக்கிறது. அதை வடிகட்டிக்குப் பின்னே தள்ளிவைத்து, படிகார அளவைக் கலங்கலுக்காக மட்டுமல்லாமல் கரிமக் கார்பனுக்காகவும் ஜார் சோதனையில் தீர்மானித்துப் பாருங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த கடைக்கோடி முடிவுகளை, நீரின் வெப்பநிலை, பிஎச், எஞ்சிய குளோரின் விவரங்களோடு இவ்விதழுக்கு அனுப்புங்கள். வரம்பு மீறியவற்றையும் மறைக்காமல் அனுப்புங்கள். அவற்றைத்தான் முதலில் வெளியிட விரும்புகிறோம்.