வாசல் திறந்தது, மேடை திறக்கவில்லை

2020 டிசம்பரில்தான் மிருதங்கத்தை முதன்முதலாக அவ்வளவு அருகில் பார்த்தேன். கொரோனாவால் சென்னையின் சபாக்கள் வழக்கம்போல் இயங்க முடியாத மார்கழி அது. சீசனைக் கைவிட மனமில்லாமல் அதை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். மியூசிக் அகாடமி தன் விழாவை இணையவழியில் நடத்தியது. நகரத்தின் சபாக்கள் பல கூட்டாகச் சேர்ந்தும் கச்சேரிகளைப் படம்பிடித்து வெளியிட்டன.

அப்படி ஒரு சபாவின் கச்சேரியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேமரா மிருதங்கத்தின் வலந்தலையை நெருங்கிப் போனது. நடுவில் கருப்பு வட்டமாகக் கரணை, அதைச் சுற்றித் தோல், தோலை இழுத்துப் பிடித்திருக்கும் வார்கள். அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்தால் இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

கச்சேரி முடிந்ததும் பெயர்கள் ஓடின. பாடியவர், வாசித்தவர்கள், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, நிதி கொடுத்தவர்கள். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, சீவி, இழுத்துக் கட்டி, கரணை வைத்து, சுருதிக்குக் கொண்டுவந்தவரின் பெயர் மட்டும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவருக்குக் கிடைத்த ஒரு வரி, கருவியைச் செய்தவருக்குக் கிடைக்கவில்லை.

மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் சேர்கின்றன. அதைச் செய்து தருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். இந்த வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுபவர்களில் எத்தனை பேருக்கு, அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்தின் பெயர் தெரியும்? அந்த நூலின் வெளியீடு 2020 பிப்ரவரி தொடக்கத்தில் கலாக்ஷேத்ராவின் அரங்கில் நடப்பதாக இருந்தது. சில நாட்களுக்கு முன்பு, நூலில் அரசியல் சாயல் இருப்பதாகச் சொல்லி அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். விழா வேறு இடத்துக்குப் போனது. கலாக்ஷேத்ரா தனியார் சபா அல்ல, நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் பணத்தில் இயங்கும் நிறுவனம். தோல் மேடையில் இருக்கலாம், தோலைப் பற்றிய பேச்சு மேடையில் இருக்கக் கூடாது என்பதுதான் அந்த முடிவின் பொருள்.

அது நடந்து இரண்டே மாதங்களில் ஊரடங்கு வந்தது. அடுத்து வந்த இணைய சீசனைப் பலரும் ஜனநாயகம் என்று கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் ஓரளவு நியாயம் இருந்ததை நான் மறுக்க மாட்டேன்.

கல்லூரி நாட்களில் ஒருமுறை ஒரு சபாவுக்குப் போயிருக்கிறேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. இடைவேளையில் கேண்டீனில் காபி வாங்கி நின்றபோது ஒரு பெரியவர் கனிவாகத்தான் கேட்டார்: “தம்பி யார்கிட்ட கத்துண்டிருக்கேள்?” யாரிடமும் இல்லை, சும்மா கேட்க வந்தேன் என்றேன். “ஓ, அப்படியா” என்று திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதன் பிறகு நான் போகவில்லை. யார் மகன், யாருடைய மாணவன், எந்தத் தெரு என்ற விசாரணைகள் அங்கே கேள்வியாகக்கூட வருவதில்லை, ஒரு பார்வையில் முடிந்துவிடும். கைப்பேசித் திரை அந்தப் பார்வையிலிருந்து எனக்கு விடுதலை கொடுத்தது. மயிலாப்பூருக்குப் பேருந்து பிடிக்க முடியாதவர்கள், படியேற முடியாதவர்கள், இரவில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். வாசல் திறந்தது உண்மை.

மேடை திறந்ததா என்பதே என் கேள்வி.

ஒவ்வோர் ஆண்டும் சபாக்கள் சொல்லும் காரணங்கள் நமக்குத் தெரியும். அரங்கம் ஒன்றுதான், மாலை நேரம் இரண்டு மணிதான், வாய்ப்புக்காக இளம் கலைஞர்களே வரிசையில் நிற்கிறார்கள், இதில் பறைக்கும் கானாவுக்கும் தெருக்கூத்துக்கும் எங்கே இடம்? இணையத்தில் இந்தக் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது. அங்கே நாற்காலிக் கணக்கு இல்லை. இரண்டு மணி நேரத்தோடு விளக்கை அணைக்க வேண்டியதில்லை. கூடுதலாகப் பத்து நிகழ்ச்சிகளைச் சேர்க்கக் கூடுதலாகப் பத்து அரங்குகள் தேவையில்லை. ஆனாலும் அந்த மார்கழியில் நான் பார்த்த நிகழ்ச்சிப் பட்டியல்கள் முந்தைய ஆண்டின் பட்டியல்களைப் போலவே இருந்தன. இடம் இல்லாததால் நாம் வெளியே நிற்கவில்லை என்பதை அந்த ஒரு சீசன் நிரூபித்துவிட்டது. இடம் கணக்கில்லாமல் கிடைத்தபோதும் நமக்கு அது ஒதுக்கப்படவில்லை.

அதே ஆண்டு மற்ற கலைஞர்களுக்கு என்ன நடந்தது? 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. பங்குனி, சித்திரை, ஆடி என்பவை கோயில் திருவிழா மாதங்கள். தெருக்கூத்துக் கலைஞர்களும் பறை, நாதஸ்வரம், கரகம், பொய்க்கால் குதிரைக் கலைஞர்களும் ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை அந்த மாதங்களில்தான் சம்பாதிக்கிறார்கள். 2020இல் அது போனது. 2021 இரண்டாம் அலையில் மறுபடியும் போனது. அவர்களின் கலை இணையத்துக்கு ஒத்துவராது என்றார்கள். ஒரு பாய் விரித்து ஒரு மைக் வைத்தால் கச்சேரி படமாகிவிடும், விடிய விடிய மண்ணில் ஆடும் கூத்தை எப்படிப் படமாக்குவது? கேள்வி சரியானதுதான். ஆனால் ஆளில்லாத அரங்கில் கச்சேரி செய்வதும் அதுவரை யாருக்கும் தெரியாத வேலைதான். கேமரா, ஒலிப்பதிவு, நிதி, விளம்பரம் எல்லாம் சேர்ந்ததும் அது தெரிந்த வேலையாகிவிட்டது. கூத்துக்குக் குறைந்தது திறமையோ பொருத்தமோ அல்ல, மூலதனம். அந்த மூலதனம் யாரிடம் சேர்கிறது என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது.

“அவரவர் கலைக்கு அவரவர் மேடை இருக்கிறதே” என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் உண்டு. அவரவர் தொழில், அவரவர் தெரு, அவரவர் சுடுகாடு என்பதும் இதே இலக்கணம்தான். பறைக்கு ஊர் ஒதுக்கிய மேடை சாவு வீடு. அங்கே கூலி இல்லாமல், மறுக்க உரிமை இல்லாமல் அடிக்கவைத்த வரலாற்றை, பொருத்தமான மேடை என்று பெயர் மாற்றி நம்மிடமே விற்கிறார்கள்.

நம் தோழர்கள் சிலரின் கேள்வி இதற்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அவர்கள் மேடை நமக்கு எதற்கு, நம் மேடையை நாமே கட்டுவோம் என்கிறார்கள். கட்டத்தான் வேண்டும், கட்டியும் இருக்கிறோம். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒரே மைக்கில் சேர்ந்தன. நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்று விழா எடுத்து அந்த மாதத்தின் பெயரையே பங்குபோட்டது. நம் பிள்ளைகள் பார்வையாளர்களாக மட்டும் இல்லாமல் பாடகர்களாகவும் அந்த மேடைகளில் நின்றார்கள். இந்த வேலை தொடர வேண்டும்.

ஆனால் நம் மேடை இருப்பதால் அந்த மேடையின் கணக்கைக் கேட்காமல் விட முடியாது. நம் தோலும் உழைப்பும் அங்கே இருக்கின்றன. நம் வரிப்பணமும் பொது நிறுவனங்கள் வழியாகக் கலைக்குப் போகிறது. அதனால் என் கோரிக்கைகள் எளியவை.

ஒன்று, இணையத்தில் வெளியாகும் ஒவ்வொரு கச்சேரிப் பதிவிலும் கருவி செய்தவரின் பெயர் வர வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. இரண்டு, அந்தப் பதிவு பணம் ஈட்டினால் அதில் அவருக்கும் ஒரு பங்கு வேண்டும். மூன்று, அரசுப் பணம் பெறும் கலை நிறுவனங்கள் கலைஞர்களை யார் தேர்வு செய்கிறார்கள், எந்த அடிப்படையில் செய்கிறார்கள் என்பதை வெளியிட வேண்டும். நான்கு, அரங்குகள் திறந்துவிட்டன என்பதற்காக இணைய ஒளிபரப்பை நிறுத்தக் கூடாது. அந்தச் சிறிய வாசலாவது திறந்தே இருக்கட்டும்.

இன்றும் நான் கர்நாடக இசை கேட்கிறேன். வெறுத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வரும் மார்கழியில் நீங்களும் ஏதாவது ஒரு கச்சேரியை இணையத்தில் பார்ப்பீர்கள். முடிந்ததும் மூடிவிடாமல் பெயர்கள் ஓடும்வரை காத்திருங்கள். மிருதங்கம் செய்தவரின் பெயர் வரவில்லை என்றால், அந்தச் சபாவுக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் யார் என்று கேளுங்கள்.