மினரல் வாட்டர் என்னும் பெயரும் நம் எலும்புகளும்





திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தம் முதுமையை இறைவனிடம் முறையிடுகிறார்கள். அப்போது தலை நரைத்ததைச் சொல்வதற்கு முன்பாகவே எலும்புகள் பலவீனமுற்றதைச் சொல்கிறார்கள். நரை வெளியே தெரிகிறது. எலும்பின் நலிவோ விழுந்து முறியும் நாள்வரை தெரிவதில்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் படுக்கையிலேயே நாள்களைக் கழிக்கும் மூதாட்டிகள் இல்லாத ஜமாஅத் இன்று அரிது.

இந்த அச்சத்தினால்தான், கால்சியம் மிகுந்த மினரல் வாட்டர் குடித்தால் எலும்பு வலுப்படும் என்னும் அறிவுரை கைப்பேசிகளில் வந்ததும் நம் குடும்பங்கள் ஆவலுடன் படிக்கின்றன. கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் பலர், “நாம்தான் ஏற்கெனவே மினரல் வாட்டர் குடிக்கிறோமே” என்று மனநிறைவும் கொள்கின்றனர். அந்த மனநிறைவுக்கு அடிப்படை இல்லை என்பதே நமது கருத்து.

நம் தெருக்களில் மினரல் வாட்டர் என்ற பெயரில் வந்து இறங்கும் இருபது லிட்டர் கேன்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீர். அம்முறை உப்பை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்குவதில்லை. நீரில் கரைந்துள்ளவற்றில் பத்தில் ஒன்பது பங்கையும் அதற்கு மேலும் அகற்றிவிடுகிறது. கால்சியமும் மெக்னீசியமும் அவற்றோடு சேர்ந்தே கழிவுநீராய் ஓடிவிடுகின்றன. தாதுக்களை நீக்கிய நீருக்குத் தாதுநீர் என்று பெயர் சூட்டி அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கரிசல் மண்ணில் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. ஏர் ஓட்டும்போது கொழுவில் தட்டுப்படும் சுக்கான்கல் சுண்ணாம்பே. மழைநீர் அதனூடே இறங்குவதால் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் கடினத்தன்மை மிகுந்து, பல இடங்களில் உவர்த்தும் போகின்றன. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிவதும், சோப்பை நுரைக்கவிடாமல் செய்வதும் அந்தக் கால்சியமும் மெக்னீசியமும்தான். அதனால்தான் நம் முன்னோர் குடிப்பதற்கு ஊருணியையும் தெப்பக்குளத்தையும் நாடினர். பிற்காலத்தில் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாய்வழியே கோவில்பட்டிக்கு வந்தது. அது போதாத நாள்களில் கேன் வந்தது. உவர்நீரிலிருந்து தப்பிக்கக் கேன் வாங்கியவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் அந்தக் கேன் எலும்புக்கு மருந்தாகும் என்று நம்புவது வேறு.

கணக்கிட்டுப் பார்ப்போம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது 1,200. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் கால்சியத்துக்கு விரும்பத்தக்க உச்சவரம்பு லிட்டருக்கு 75 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 200 வரை ஏற்கலாம். லிட்டருக்கு 75 மில்லிகிராம் உள்ள நீரை நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 150 மில்லிகிராம் கிடைக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் மட்டுமே எஞ்சியுள்ள ஆர்.ஓ. நீரில் 10 மில்லிகிராம் கிடைக்கும். முன்னது சிறிய உதவி. பின்னது ஒன்றுமில்லை என்றே கொள்ளலாம்.

அப்படியானால் அந்த அறிவுரை பொய்யா? பொய்யன்று, அது எழுதப்பட்ட நாட்டின் நீர் வேறு. ஜெர்மனியின் கெரோல்ஸ்டைனர் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராமும், பிரான்சின் கான்ட்ரெக்ஸ் நீரில் 450க்கு மேலும் கால்சியம் உண்டு. லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்தான் கால்சியம் உள்ள நீர் என்று விளம்பரம் செய்ய ஐரோப்பிய விதி இடமளிக்கிறது. நீரிலுள்ள கால்சியம் பாலில் உள்ளதைப் போலவே உடலில் நன்கு சேர்கிறது என்பதும் ஆய்வுகள் கண்ட உண்மை. ஆனால் இயற்கை மினரல் வாட்டருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 100 மில்லிகிராமோடு நின்றுவிடுகிறது. எனவே மலைச்சுனை நீர் என்று பல மடங்கு விலை கொடுத்து வாங்கினாலும் அங்குள்ளோர் பெறும் பயனை இங்கே பெற இயலாது. அந்தப் பணத்தில் பாலும் கீரையும் வாங்கலாம். வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கம் நம்முடையது.

ஜம்ஜம் நீரில் கால்சியம், மெக்னீசியம் உள்ளிட்ட தாதுக்கள் மிகுந்திருப்பதை ஆய்வகங்களும் காட்டியுள்ளன. எனினும் அதன் பரக்கத்தை நாம் மில்லிகிராமில் அளப்பதில்லை. அதை அருந்துகிறோம் என்பதற்காக அன்றாட உணவைக் கைவிடுவதுமில்லை.

சிலர் மறுகோடிக்குச் சென்று, “ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்துவிடலாமே, அதில்தான் கால்சியம் நிறைய இருக்கிறதே” என்பர். இதுவும் ஆபத்து. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், ஆண்டுகள் செல்லச்செல்ல அது பல்லைக் கறையாக்கி எலும்பையும் மூட்டையும் முடக்கிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள் இதனால் பட்ட துன்பத்தைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளோரைடுக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. கடைகளில் விற்கும் டி.டி.எஸ். கருவி மொத்த உப்பைத்தான் காட்டும். எந்த உப்பு என்று காட்டாது. ஆதலால் கிணற்று நீரைக் குடிப்போர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறையேனும் பரிசோதித்தல் வேண்டும். தாமிரபரணிக் குழாய் நீர் முறையாகக் கிடைக்கும் வீடுகளில் அதைக் காய்ச்சியோ வடிகட்டியோ குடிப்பதே போதுமானது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நீர் தராத எஞ்சிய கால்சியத்தை உணவுதான் தர வேண்டும். இங்கு நம் கரிசல் அடுப்படி ஏழையானதன்று. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. கம்பில் அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. கம்மங்கூழ் வேறு வகையில் நல்லது. எலும்புக்குக் கேழ்வரகே முந்தும். எள்ளில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அவ்வளவும் உடலில் சேராது எனினும், பிள்ளைகளுக்கு மாலையில் ஓர் எள்ளுருண்டை கொடுப்பது குளிர்பானம் வாங்கிக் கொடுப்பதைவிட மேலானது. முருங்கைக்கீரை, தயிர், முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியனவும் நமக்கு எட்டாதவை அல்ல. ரமலானில் நோன்புக் கஞ்சியுடன் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்க்க எந்தத் தடையும் இல்லை. ஆர்.ஓ. நீரில் காய்கறியை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் காயிலிருந்த தாதுக்களும் அதனோடு போய்விடும் என்பதையும் நினைவில் கொள்க.

கால்சியம் குடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்த மண்ணில், வீட்டுக்குள்ளேயே தீப்பெட்டி ஒட்டியும் சமைத்தும் நாளைக் கழிக்கும் நம் பெண்களின் தோலில் வெயில் படுவதே இல்லை. பர்தாவின் மீது பழிபோடுவது எளிது. வீட்டின் அமைப்பை யாரும் கேட்பதில்லை. பிறர் பார்வை படாத மொட்டை மாடியிலோ முற்றத்திலோ கை, கால், முகத்தில் நண்பகலையொட்டிப் பதினைந்து, இருபது நிமிடம் வெயில் படும்படி ஓரிடத்தை அமைத்துத் தருவது குடும்பத் தலைவரின் கடமை. பெண்பிள்ளைகளின் எலும்பு இருபத்தைந்து, முப்பது வயதுக்குள் சேர்த்துக்கொள்வதே பிற்காலச் சேமிப்பு. எனவே மதரஸாக்களில் மாணவியருக்கும் விளையாட இடமும் நேரமும் வேண்டும் என்று நாம் வலியுறுத்துகிறோம்.

இன்னொன்று. முழங்கால் வலித்து நாற்காலியில் அமர்ந்து தொழுவோர் பலருக்கும் இருப்பது மூட்டுத் தேய்மானம். அது கால்சியக் குறைவு அன்று. எந்த நீரும் அதற்கு மருந்தாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் கால்சிய மாத்திரையைத் தொடுதல் கூடாது.

தம் அன்னை மறைந்தபின் அவர்கள் பெயரால் ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கிணறு வெட்டிய செய்தியை நாம் அறிவோம். அவ்வழியில் இன்று பெற்றோர் பெயரால் பள்ளிவாசல்களில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்துத் தருவோர் பெருகியுள்ளனர். அல்லாஹ் அவர்களின் தர்மத்தை ஏற்றுக்கொள்வானாக. அவர்களிடம் நாம் கேட்பது இரண்டே. இயந்திரம் வாங்கும்போது, நீக்கிய கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஓரளவு திரும்பச் சேர்க்கும் பகுதியும் உள்ளதா என்று கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை நீரைப் பரிசோதித்து, முடிவைக் குழாயின் அருகிலேயே ஒட்டி வையுங்கள். குடிப்பவர் தாம் என்ன குடிக்கிறோம் என்று அறிவது அவர்களின் உரிமை.

நம் தாய்மார்கள் ருகூவிலும் ஸுஜூதிலும் வலியின்றிக் குனிந்து நிமிரும் உடல்நலத்தை வல்ல அல்லாஹ் அவர்களுக்கு நீட்டித்துத் தருவானாக. ஆமீன்.