தோண்டிய மண்ணை இருந்தபடி வைத்துவிட்டுப் போ!

மலையில் வெட்டிய இரும்புத் தாதை ரயிலேற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவது செலவு என்று கண்ட சுரங்க முதலாளிகள் குழாய் போடுகிறார்கள். தாதை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பம்பு வைத்துத் தள்ளினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்ச் சேருகிறது. சத்தீஸ்கரில் பைலடிலா மலையடிவாரத்திலிருந்து, ஒடிசாவின் மல்கான்கிரி வழியாக, கிழக்குத் தொடர்ச்சி மலைகளைத் தாண்டி விசாகப்பட்டினம் வரை இப்படி ஒரு குழாய் 267 கிலோமீட்டர் ஓடுகிறது. ரயில் கட்டணம் மிச்சம், லாரி வாடகை மிச்சம். மிச்சம் கம்பெனிக்கு. வழியிலுள்ள ஆதிவாசிக்கும் ஏழை விவசாயிக்கும் என்ன?

குழாயே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். தொழில் வளர வேண்டும், இரும்பு வேண்டும். ஊர் நடுவே தாது லாரிகள் கிளப்பும் செம்புழுதியை விழுங்குவதைக் காட்டிலும் மண்ணுக்கடியில் குழாய் போவது மேல் என்றுகூடச் சொல்வோம். நாம் கேட்பது வேறு. குழாய் புதைக்கத் தோண்டிய நிலத்தை எந்த நிலையில் திருப்பிக் கொடுக்கிறாய்?

இது நமக்கென்ன என்று கோவை, திருப்பூர் பஞ்சாலைத் தோழர்கள் எண்ண வேண்டாம். ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களில் ஊரில் அரை ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பைலடிலாக் குழாய்க்கும் நம் ஊர்க் காட்டில் வரும் எரிவாயுக் குழாய்க்கும் சட்டம் ஒன்றுதான். அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் மண்ணைப் பார்ப்போம்.

குழாய் போகும் பாதை 20 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 ஏக்கர் ஆகிறது. அந்த 5 ஏக்கரிலும் மேலே அரை அடி ஆழத்துக்கு இருக்கும் மண்ணே பயிருக்குச் சோறு போடுவது. ஒரு அங்குலம் மேல்மண் உண்டாகப் பல நூறு வருஷங்கள் ஆகின்றன. பொக்லைன் இயந்திரமோ மேல்மண், அடிமண் என்ற பேதமின்றி ஒரே வாரலில் அள்ளிக் கரையில் குவிக்கிறது. மூடும்போது மேலே வந்து கிடப்பது எது? அடியிலிருந்த சுக்கானும் சரளையும். கனத்த வண்டிகள் ஓடி ஓடிப் பக்கத்து மண்ணும் கல்லாக இறுகிவிடுகிறது. அதில் கலப்பையும் இறங்காது, மழைத் தண்ணீரும் இறங்காது. இறங்காத தண்ணீர் ஓடும். ஓடும் தண்ணீர் மண்ணை அரிக்கும்.

சரிவான நிலத்தில் கதை இன்னும் மோசம். மூடிய பள்ளத்தின் மண் எவ்வளவு மிதித்தாலும் பக்கத்து மண்ணைவிடத் தளர்ந்தே இருக்கும். முதல் மழையில் அது அமுங்குகிறது. அமுங்கிய தடம் வாய்க்காலாகிறது. மேட்டுத் தண்ணீரெல்லாம் அதில் சேர்ந்து, குழாயை ஒட்டியே அரித்துக்கொண்டு இறங்குகிறது. வரப்பு உடைகிறது. கீழே இருப்பவனுடைய வயலில் மணல் படிகிறது, ஏரியும் குளமும் தூர்கின்றன. பாதையில் ஒரு குழி நிலம்கூடப் பறிபோகாத விவசாயியும் இப்படித்தான் நஷ்டப்படுகிறான். அவன் பெயர் எந்த நஷ்டஈட்டுப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. மேல்மண்ணைத் தனியாக வழித்து ஒரு பக்கம், அடிமண்ணை மறு பக்கம் குவிக்க வேண்டும். அடிமண்ணை முதலில் போட்டு மிதித்து, மேல்மண்ணைக் கடைசியில் பரப்ப வேண்டும். அமுங்குவதற்கு ஈடாகக் கொஞ்சம் மேடு விட வேண்டும். ஆனால் அந்த மேடு வயலின் வடிகாலை மறித்துவிடாமல் இடையிடையே திறப்பும் விட வேண்டும். சரிவில் பள்ளத்துக்குள் மண் மூட்டைகளைக் குறுக்கே அடுக்கி, குழாய் வழியாகத் தண்ணீர் ஓடாமல் தடுக்க வேண்டும். மேலே சாய்வாகக் குறுக்கு வரப்புப் போட்டு ஓட்டத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஓடையைக் கடக்கும் இடத்தில் கரையைக் கல் பதித்துக் கட்டி, வெட்டிவேரோ நாணலோ நட வேண்டும். இறுகிய நிலத்தை உளிக்கலப்பையால் ஆழ உழுது, சணப்பையோ கொழுஞ்சியோ விதைத்து மடக்கி உழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நாளில் முப்பது கிலோமீட்டர் திறந்து போட்டுவிட்டு மழையை எதிர்பார்த்து நிற்கக் கூடாது. அன்றன்றைக்கு மூடக்கூடிய அளவுக்கே திறக்க வேண்டும்.

நம் விவசாயத் தொழிலாளர்களில் வரப்பு வெட்டத் தெரிந்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இதில் பாதியைச் சொல்வார். கம்பெனி இஞ்சினீயர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மண் அரித்தால் அவர்கள் குழாயே வெளியில் தெரிந்து உடையும் என்பதும் தெரியும். ஆனால் குழாயின் நீளத்தை அளந்து பில் போடும் வேலையில், மண்ணைப் பிரித்து வைப்பது தாமதம்; தாமதம் என்றால் செலவு.

சட்டம் என்ன செய்கிறது? 1962-ல் பெட்ரோலியக் குழாய்களுக்கென்று மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. 1977-ல் தாதுப் பொருள்களின் குழாய்களையும் அதில் சேர்த்தார்கள். நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ‘உபயோக உரிமை’ எடுத்துக்கொண்டால் போதும். பட்டா விவசாயி பெயரில் இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் அவன் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இதற்கு ஈடாக நிலத்தின் மார்க்கெட் மதிப்பில் 10 சதவீதம்! அதோடு மரம், நிற்கும் பயிர், நிலம் துண்டுபடுதல், பிற சொத்துக்கோ வருமானத்துக்கோ வரும் சேதம் ஆகியவற்றுக்கு நஷ்டஈடு உண்டு. மேல்மண் என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. அந்த நிலத்தில் களையெடுத்து வயிறு கழுவும் கூலிப் பெண்ணின் பெயரும் இல்லை. ஆட்சேபணை சொல்ல 21 நாள் அவகாசம். கெஜட்டைப் படிப்பவர் நம் கிராமங்களில் யார்?

இந்தச் சட்டத்தைக் கொண்டுதான் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மேற்கு ஜில்லாக்களில் சுமார் 310 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் போட வந்தார்கள். விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். 2013-ல் மாநில சர்க்கார் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லிற்று. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று.

மண்ணைக் கவனிக்காத சுரங்கம் தொழிலாளிக்கும் நன்மை செய்வதில்லை. கர்நாடகத்தில் குதிரேமுக் மலையிலிருந்து மங்களூருக்கு 67 கிலோமீட்டர் தாதுக் குழாய் இருந்தது. மத்திய சர்க்காரின் கம்பெனி அது. வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் மலை. தோண்டிய மண் பத்ரா நதியில் சேறாக இறங்கிற்று. நதியின் அழிவும் காட்டின் அழிவும் வழக்காயின. 2002 அக்டோபர் 30-ல் தீர்ப்பு. 2005 இறுதியோடு சுரங்கம் நின்றது. மண்ணைக் கெடுத்த நிர்வாகத்தின் தவறுக்கு வேலையை இழந்தவன் சுரங்கத் தொழிலாளி. “விவசாயி வேண்டுமா, வேலை வேண்டுமா?” என்று நம்மைப் பிரித்து நிறுத்துகிறவர்களுக்கு இதுவே பதில்.

ஆகவே நாம் கோருகிறோம்: 10 சதவீதம் என்ற அநியாய விகிதம் மாற்றப்பட வேண்டும். குத்தகைதாரருக்கும், வேலை இழக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் அந்த நாட்களின் கூலி கணக்கிட்டுத் தரப்பட வேண்டும். மண் அணை கட்டும், புல் நடும் வேலையை உள்ளூர் ஆண் பெண்களுக்குச் சரிசமக் கூலியில் கொடுக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும் காண்ட்ராக்டுத் தொழிலாளியின் தலைமேல் கரை சரியாதபடி முட்டுக் கொடுத்த பிறகே அவனை இறக்க வேண்டும். காண்ட்ராக்டரின் கடைசித் தவணையைக் குழாய் மூடிய அன்றே கொடுத்துவிடக் கூடாது. ஒரு மழைக்காலம் முழுதும் கழிய வேண்டும். கிராம விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்த கமிட்டி பாதை நெடுக நடந்து பார்த்து, மண் நின்றது என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகே பணம்.