பாரம் தூக்கிய ஐந்து பக்கங்கள்

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்றால் அடிதடிதான் என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் ஓர் இதழைச் சொல்வேன். 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழ். அட்டையில் 1966 பிப்ரவரி என்று தேதி. விலை 12 சென்ட். அதன் முதல் ஐந்து பக்கங்களில் எதிரியே கிடையாது. ஓர் இளைஞன் தன்மேல் விழுந்து கிடக்கும் இரும்பு இயந்திரத்தைத் தூக்கப் பார்க்கிறான். அவ்வளவுதான் சம்பவம்.

அவன் ஏன் தூக்கியாக வேண்டும் என்பதில்தான் கதையே இருக்கிறது. ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரை வளர்த்த பெரியம்மா மே, மருத்துவமனையில் உயிருக்குப் போராடுகிறாள். 10ஆம் இதழில் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பீட்டர் ரத்தம் கொடுத்திருந்தான். அந்த ரத்தத்திலிருந்த கதிரியக்கம்தான் இப்போது அவளைக் கொல்கிறது. காப்பாற்றக்கூடிய ஒரே மருந்தை வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் ஆட்கள் திருடிவிட்டார்கள். நீருக்கடியில் இருக்கும் அவன் கோட்டைக்குள் பீட்டர் புகுந்து சண்டையிட, இயந்திரம் சரிந்து அவனை அமுக்குகிறது. மருந்துக் குப்பி கண்ணெதிரே, கைக்கு எட்டாத தூரத்தில். மேலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கிவிட்டது. 32ஆம் இதழ் அங்கே முடிந்தது. வாசகர்கள் ஒரு மாதம் காத்திருந்தார்கள்.

அடுத்த இதழில் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அவசரப்படவில்லை. முதல் முயற்சி தோற்கிறது. உடம்பு தளர்கிறது. பென் பெரியப்பாவின் முகமும் மே பெரியம்மாவின் முகமும் அவன் நினைவில் எழுகின்றன. மறுபடி முயல்கிறான். அவன் நிமிர நிமிரப் பக்கத்தின் கட்டங்களும் பெரிதாகிக்கொண்டே போகின்றன. ஐந்தாம் பக்கம் முழுவதும் ஒரே படம்: பாரத்தைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கிறான். வேறொருவர் ஒரே கட்டத்தில் முடித்திருக்கக்கூடிய காரியத்துக்கு டிட்கோ இத்தனை இடம் கொடுத்தார். கதையின் ஓட்டத்தை வகுத்தவரும் அவர்தான். அவர் வரைந்து முடித்த பக்கங்களுக்கு ஸ்டான் லீ வசனம் எழுதினார். அந்தக் காலத்தில் இருவரும் நேரில் பேசிக்கொள்வதே நின்றுபோயிருந்தது. ஆனால் பக்கத்தில் அந்த விரிசல் தெரியவில்லை.

இந்தக் காட்சியின் கனம் அந்த இரும்பில் இல்லை; 1962இல் இருக்கிறது. 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழில் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்தபோது, ஓடும் திருடனைப் பிடிக்க முடிந்தும் பீட்டர் சும்மா நின்றான். பிறகு அதே திருடன்தான் பென் பெரியப்பாவைச் சுட்டுக் கொன்றான். 1963 மார்ச்சில் தனித்தொடர் தொடங்கியதிலிருந்து இதழுக்கு இதழ் பீட்டர் சுமந்தது அந்தக் கடனைத்தான். ஒருவரைக் கைவிட்டாயிற்று, இன்னொருவரையும் கைவிடக் கூடாது என்ற தவிப்புதான் 33ஆம் இதழில் அவனை நிமிர வைக்கிறது. சிலந்தி கடித்ததால் வந்த பலம் முதல் முயற்சியிலேயே தோற்றுவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

நெடுந்தொடரின் பெருமை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாதாமாதம் படித்து வந்த வாசகரின் மனத்தில் பென்னின் மரணமும், மேயின் பலவீனமும், வாடகைக்குக்கூடத் திண்டாடும் வீட்டின் நிலையும் சேர்ந்துகொண்டே வந்தன. சேர்ந்ததெல்லாம் ஐந்து பக்கங்களில் இறங்குகிறது. 2017இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்தில் இடிபாடுகளைத் தூக்கும் காட்சி இந்த இதழைப் பின்பற்றியதே. நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே காத்திருக்கும் மருந்தும் இல்லை, சாகக் கிடக்கும் பெரியம்மாவும் இல்லை. அதனால் அது ஒரு வீரச் செயலாக மட்டும் நின்றுவிட்டது.

பாரத்தைத் தூக்கியதோடு இதழ் முடியவில்லை என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். காயத்தோடு வெள்ளத்தைக் கடந்து, அடியாட்களை எதிர்கொண்டு, மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதன்பிறகு செலவுக்குப் பணம் வேண்டுமே! பத்திரிகை முதலாளி ஜேம்ஸனிடம் புகைப்படங்களை விற்கப் போகிறான். உலகைக் காக்கும் வீரர்கள் நிறைய உண்டு. கடமை முடிந்த கையோடு கூலிக்கு நின்றவன் இவன்.

டிட்கோ 38ஆம் இதழோடு விலகினார். அடுத்து வந்த ஜான் ரொமீட்டா தொடருக்கு வேறு அழகைக் கொடுத்தார். 1973இல் 121ஆம் இதழில் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறந்தது வாசகர்களை உலுக்கியது. 2012 டிசம்பரில் 700ஆம் இதழும் வந்தது. எத்தனையோ நல்ல கதைகள் இருந்தும், இந்தத் தொடரின் சிகரம் 33தான் என்பது என் தீர்ப்பு.

பிள்ளைகள் ஸ்பைடர்மேன் படம் பார்க்கிறார்கள் என்றால், 'அமேசிங் ஃபேன்டசி' 15ஐயும், தொடரின் 31, 32, 33 இதழ்களையும் வரிசை மாறாமல் படிக்கக் கொடுங்கள். ஸ்டான் லீயின் பெயர் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஸ்டீவ் டிட்கோவின் பெயரை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.