“செய்யாமலா புடிச்சாங்க?”

தோட்டத்துக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தால் போதும்; லயத்துக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஆளைக் கைவிலங்கு போட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். ஜீப் ரோட்டுத் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் கதவுகள் திறக்கும். குழாயடியில் நாலு பேர் கூடுவார்கள். யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி விடுவார்: “செய்யாமலா புடிச்சாங்க?”

இன்று நம் குடும்பங்களில் பல, தோட்டத்தை விட்டு மலிவு விலை வீடுகளுக்கும் பிளாட்டுகளுக்கும் வந்துவிட்டன. லயம் போச்சு, குழாயடி போச்சு. அந்த வார்த்தை மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம். அது சும்மா வாய்ப்பேச்சு அல்ல. ஆளைக் கொல்லக்கூடிய வார்த்தை.

போலீஸ் ஒருவரைப் பிடிப்பது சந்தேகத்தின் பேரில். குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டியது கோர்ட். ஏன் பிடித்தார்கள் என்று பிடிபட்டவருக்குச் சொல்ல வேண்டும், அவர் விரும்பிய வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொல்கிறது. இது யாரும் நமக்குப் போட்ட பிச்சை அல்ல. நாட்டின் தலையாய சட்டத்தில் எழுதி வைத்த உரிமை. போலீசும் மாஜிஸ்திரேட்டும் விசாரித்து முடிக்காத விஷயத்தைக் குழாயடியில் நாம் தீர்ப்பெழுதி முடித்து விடுகிறோமே, இது என்ன நியாயம்?

சில வருஷங்களுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் சங்க உறுப்பினர் ஒருவர், செம்பனைக் குலை வெட்டுகிறவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். தோட்டத்தில் குலைகள் காணாமல் போயின. யாரோ இவர் பெயரைச் சொன்னார்கள். காலையில் பெரட்டுக்குக் கிளம்பியவரை அப்படியே கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள். அவர் இனிப்பு நீர் வியாதிக்காரர். செம்பனை முள் குத்திக் காலில் ஆறாத புண் வேறு. மாத்திரை வீட்டு அலமாரியில் இருந்தது.

மனைவி மாத்திரையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். “நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் அதே பதில். “கம்முனு இரு, பெரிசு பண்ணினா வேலையும் போயிடும்” என்று பக்கத்தில் உள்ளவர்கள் புத்தி சொன்னார்கள். அந்த அம்மாவும் வீட்டோடு இருந்துவிட்டார். சங்கத்துக்குச் சேதி வந்தது மூன்றாம் நாள்.

நாலு நாள் கழித்து விட்டார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. களவாடியது வேறு ஆட்கள் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. குலை வெட்டுகிறவனுக்குக் கால்தானே மூலதனம்? இதைத் தோட்டத்துக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “செய்யாமலா புடிச்சாங்க?”

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அந்த அறையில் இரண்டு நிமிஷம் நின்றார். வாய் திறக்கவில்லை. “நான் நோயாளி, மருந்து கொடுக்கலே” என்று சொல்லலாம் என்பதே அவருக்குத் தெரியாது. பெரிய மனிதர்கள் முன்னால் கையைக் கட்டி நிற்க மட்டுமே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

காவலில் சாவு என்றால் அடி உதை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்த குகனை யாரும் மறந்திருக்க முடியாது. வயது 22. முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பம் விடவில்லை, இரண்டாவது பரிசோதனை கேட்டு வாங்கியது. அடிபட்ட காயங்களின் உண்மை அதில்தான் வெளிவந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு மேல் நட்ட ஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. “செய்யாமலா புடிச்சாங்க” என்று அந்தத் தாய் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நுரையீரல் நீரோடு கதை முடிந்திருக்கும்.

ஆனால் அடிக்காமலும் ஆளைச் சாகடிக்கலாம். மருந்தை மறுத்தால் போதும். வலியில் கத்துகிறவனை “நடிக்கிறான்” என்று சொன்னால் போதும். 2017-இல் பகாங், பெராவில் ஒரு சீனர் வயிற்று வலியால் துடித்து லாக்கப்பிலேயே இறந்தார். அவருக்கு நேரத்தோடு மருத்துவ உதவி கொடுக்காதது போலீசின் கவனக்குறைவு என்று அமலாக்கத் துறைகளின் நேர்மையைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்துச் சொன்னது. இது ஓர் இனத்துக்கு மட்டும் வரும் துன்பம் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். இன்று நம் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் பேச ஆள்கூடக் கிடையாது.

அதே 2017, பிப்ரவரி மாதம். கிள்ளான் கோர்ட்டுக்குப் பாலமுருகன் என்பவரைக் கொண்டு வந்தார்கள். அவர் இருந்த நிலையைப் பார்த்த மாஜிஸ்திரேட், காவலை நீட்டிக்க மறுத்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னார். ஆனால் அவரைத் திரும்பவும் போலீஸ் நிலையத்துக்கே கொண்டு போனார்கள். அன்று இரவே அங்கே இறந்து போனார். மாஜிஸ்திரேட் சொல்லியே இந்தக் கதி என்றால், வாய் மூடி நிற்கும் குலை வெட்டுகிறவனின் கதி என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை, தோழர்களே. லாக்கப்பில் வைக்கப்படுகிறவரை மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்று 1953-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆவது பிரிவு சொல்கிறது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2016-இல் காவல் மரணங்களைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் சட்டமும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே முதல் வேலை நம்முடையது. போலீஸ் “ஸ்டேஷனுக்கு வா” என்றால், “சாயா டித்தாங்காப்கா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கைதா, வெறும் வாக்குமூலமா என்று தெரிய வேண்டும். கைது என்றால் எந்த நிலையத்துக்கு என்று வீட்டார் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். விசாரணையைத் தொடங்குமுன் உறவினருக்குச் சேதி சொல்லவும் வழக்கறிஞரோடு பேசவும் விட வேண்டும் என்று 28A பிரிவு சொல்கிறது. போலீஸ் இதைத் தள்ளிப்போடச் சில விதிவிலக்குகள் உண்டுதான். அதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள். லோயருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். கைதாகிக் காவலில் இருக்கும் குடிமக்களுக்காகத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இலவசமாக வழக்கறிஞரை அனுப்பி வருகிறது.

நோயாளியாக இருந்தால், கிளினிக் புத்தகத்தையும் மருந்துச் சீட்டையும் நகல் எடுத்து, மருந்தோடு கொண்டு போய்க் கொடுங்கள். வாங்க மறுத்தால், மறுத்தவர் பெயர், நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அதையே ஒரு போலீஸ் ரிப்போர்ட்டாகச் செய்யுங்கள். எந்த நிலையத்திலும் செய்யலாம். ரிப்போர்ட்டின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். சங்கத்துக் கிளைத் தலைவரையோ, கோயில் தலைவரையோ, படித்த பிள்ளை ஒன்றையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்த இரண்டு நிமிஷம்தான் எல்லாவற்றிலும் பெரிது. காவல் கேட்டு வரும்போது, 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரைதான் கொடுக்கலாம். பெரிய குற்றம் என்றால் 7 நாள், பிறகு 7 நாள். இனிப்பு நீர்க்காரருக்கும் இருதய நோயாளிக்கும் நாலு நாளே நீண்ட காலம். அதனால் வீட்டில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த வாக்கியத்தைப் பழக்கி வையுங்கள்: “துவான், சாயா சாக்கிட். சாயா பெர்லு ஊபாட்.” நான் நோயாளி, எனக்கு மருந்து வேண்டும். அவ்வளவுதான். அடிபட்டிருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கம் பார்க்க வேண்டாம்.

வெளியே வந்த பிறகும் அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி மருத்துவ அறிக்கை வாங்குங்கள். நட்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவது என்றால் 36 மாதத்துக்குள் போட வேண்டும். “போனது போகட்டும்” என்று உட்கார்ந்தால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

அடுத்த வேலை அரசாங்கத்துடையது. போலீஸ் படையைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. அவற்றில் முக்கியமானது, போலீசார் மீதான புகார்களைத் தனியாக விசாரித்துத் தண்டனையும் கொடுக்கக்கூடிய ஆணையம். பதினெட்டு ஆண்டு இழுத்து, 2023 ஜூலை 1-இல் செயலுக்கு வந்தது ஐ.பி.சி.சி. ஆனால் அது விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. நடவடிக்கை எடு என்று வேறு இடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். லாக்கப்பைப் பார்க்கப் போவதற்குக்கூட முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். “நாளைக்கு வருகிறோம்” என்று சொல்லிவிட்டுத் திருடனைப் பிடிக்கப் போவார்களா? இந்த ஆணையத்துக்குப் பல் வேண்டும். பெரிய லாக்கப் ஒவ்வொன்றிலும் இரவு பகலாக மருத்துவப் பணியாளர் வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு டிரசர் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் போராடிப் பெற்றார்கள். ஆட்களைப் பூட்டி வைக்கும் இடத்துக்கு அதுகூட வேண்டாமா?

எல்லாப் போலீஸ்காரர்களும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அந்த உடுப்பைப் போட்டிருக்கிறார்கள். திருடனைப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெளியில் இருக்கும் நோயாளி தானே நடந்து கிளினிக்குக்குப் போவான். பூட்டி வைக்கப்பட்டவன் போக முடியாது. சாவி யார் கையில் இருக்கிறதோ, அவனுடைய மாத்திரைக்கும் உயிருக்கும் அவரே பொறுப்பு. அவன் உண்மையிலேயே திருடியிருந்தாலும் அப்படித்தான். திருட்டுக்குச் சட்டம் சிறை கொடுக்கிறது. எந்தச் சட்டமும் புழுத்த காலைக் கொடுக்கவில்லை.

எனவே அடுத்த தடவை ஜீப் வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். வெளியே வந்து நில்லுங்கள். எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். “அவருக்கு இனிப்பு நீர் இருக்கு, மருந்து வேணும்” என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள். அவர் செய்தாரா செய்யவில்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். அவர் உயிரோடு கோர்ட்டுக்குப் போய்ச் சேர்கிறாரா என்பதை நாம் பார்த்துக்கொள்வோம்.