தொட்டிக்கு உள்ள காவல் கடலுக்கு வேண்டாமா?



கடலே இல்லாத ஏழாயிரம்பண்ணையில் இருந்துகொண்டு பவளப்பாறையைப் பற்றி எதுக்கு எழுதணும் என்று சிலர் நினைக்கலாம். நம்ம வைப்பாறு எங்கே போய்ச் சேருது? வெம்பக்கோட்டை, சாத்தூர் எல்லாம் தாண்டி, தூத்துக்குடி மாவட்டத்தில் சிப்பிக்குளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்தக் கடலில்தான் பவளப்பாறைகள் இருக்கின்றன. அதனால் அது நமக்கும் சொந்தக் கடல்தான்.

பவளம் கல் இல்லை, உயிர். குண்டூசித் தலை அளவுள்ள சின்னச் சின்னப் பூச்சி போன்ற பிராணிகள் லட்சக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்பால் வீடு கட்டுகின்றன. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது. அந்தப் பாசி வெயிலில் சமைத்துத் தருவதைத்தான் பவளம் முக்கால்வாசி சாப்பிடுகிறது. வெயிலை மறைத்தால் பவளத்துக்குப் பட்டினிதான்.

வெளிநாடுகளில் சிலர் வீட்டுக்குள்ளேயே கண்ணாடித் தொட்டியில் உப்புத்தண்ணீர் விட்டுப் பவளம் வளர்க்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய தலைவலி பவளத்தைக் கெடுக்கும் பூச்சிகள். ஐப்டேசியா என்று ஒரு சின்னக் கடல்சாமந்தி உண்டு. பிய்த்துப் போட்டால் ஒவ்வொரு துண்டும் மறுபடி முளைக்கும். பவளத்தின் சதையைத் தின்கிற தட்டைப்புழுவும் உண்டு. மருந்துத் தண்ணீரில் முக்கினால் புழு சாகும், அதன் முட்டை சாகாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் புதுப் பவளத்தை நேரே பெரிய தொட்டியில் விடுவதே இல்லை. முதலில் தனித்தொட்டியில் பல வாரம் வைத்துப் பார்ப்பார்கள். வந்தபிறகு விரட்டுவது கஷ்டம், வரவிடாமல் தடுப்பது சுலபம் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

என் கேள்வி இதுதான். ஒரு கண்ணாடித் தொட்டிக்கே இவ்வளவு காவல் என்றால் ஒரு கடலுக்கு எவ்வளவு காவல் வேணும்?

மன்னார் வளைகுடாவில் நடந்ததைப் பாருங்கள். கப்பாபைகஸ் என்பது பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல்பாசி. அதிலிருந்து எடுக்கும் பசை ஐஸ்கிரீம், பற்பசை செய்ய உதவும். ஆராய்ச்சிக்காக நம் நாட்டுக்கு வந்த அந்தப் பாசியை, 1990-களில் மண்டபம் பக்கம் கடலில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000-க்குப் பிறகு மூங்கில் மிதவை கட்டி வியாபாரத்துக்கே வளர்த்தார்கள். 45 நாளில் அறுவடை, கையில் காசு. பரவிவிடுமோ என்ற பயத்தில் 2005-ல் தமிழக அரசு இன்ன இடத்தில்தான் வளர்க்கலாம் என்று எல்லை போட்டது. பாசிக்கு எல்லை தெரியுமா? 2008-ல் மதுரை காமராஜர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் அது போர்வை மாதிரி படர்ந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். பிறகு பக்கத்துத் தீவுகளான சிங்கிள், பூமரிச்சானிலும் பார்த்தார்கள். இந்தத் தீவுகள் எல்லாம் 1986-லேயே தேசியப் பூங்கா என்று அறிவித்த இடம்!

வனத்துறை ஆட்கள் தண்ணீருக்குள் முங்கிக் கையால்தான் பிடுங்குகிறார்கள். ஒரு துண்டு உடைந்து விழுந்தால் அதுவும் வளரும். ஐப்டேசியா கதையேதான்.

இது நமக்குப் புரியாத விஷயமா? நம்ம கண்மாயைப் பாருங்கள். சீமைக்கருவேலம் தானாக நடந்து வரவில்லை. விறகுக்கு ஆகும் என்று மனுசங்கதான் கொண்டுவந்தார்கள். ஆடு மாடு நெத்தைத் தின்று விதையைப் பரப்பியது. 2017-ல் மதுரை ஐகோர்ட்டே வெட்டச் சொல்லி உத்தரவு போட்டது. ஜே.சி.பி. வைத்துச் சாய்த்தாலும் தூரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கிறது. கப்பாபைகஸ் கடலின் சீமைக்கருவேலம் என்பது என் கருத்து.

அப்படியானால் பாசி வளர்ப்பை அடியோடு நிறுத்திவிடலாமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். பாம்பன், மண்டபம் பக்கத்தில் அந்த வேலையை நம்பி எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட் சரவெடிக்குத் தடை போட்டபோது நம்ம ஊர்ப்பக்கம் என்ன பேசினார்கள்? "நிறுத்துன்னு சொல்றவங்க சோறு போடுவாங்களா?" என்றுதானே கேட்டார்கள். அதே கேள்வி அந்த அக்காமாருக்கும் இருக்கும். அங்கே மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று நம்ம கடலிலேயே பிறந்த பாசிகள் உண்டு. அவற்றை வளர்க்க உதவி செய்து நல்ல விலையும் கொடுத்தால் வயிறும் நிறையும், பவளமும் பிழைக்கும். கப்பாபைகஸில் காசு பார்த்தவர்கள்தான் பவளத்தின் மேல் இருப்பதைப் பிடுங்கும் செலவையும் ஏற்க வேண்டும். லாபம் ஒருத்தருக்கு, குப்பை கடலுக்கு என்பது நியாயமா?

சீக்கிரம் கவனித்தால் ஜெயிக்கலாம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மீன் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் காலெர்பா என்ற பாசி 1984-ல் மொனாக்கோ நாட்டுக் கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுதான் இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரைக்கும் பரவிவிட்டது. அதே பாசியை 2000-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பார்த்தார்கள். உடனே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் விட்டார்கள். 2006-ல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஒரே பாசிதான். கவனித்த நேரம்தான் வேறு.

நாம் என்ன செய்யலாம்?

1. சாத்தூர், சிவகாசி கடைகளில் வாங்கும் தொட்டி மீனை, வளர்க்க முடியவில்லை என்று கண்மாயிலோ வைப்பாற்றிலோ விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிப்போனது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

2. தொட்டியில் வளர்த்த செடியைச் சாக்கடையில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள்.

3. ராமேஸ்வரம் சுற்றுலா போனால் பவளக்கல்லை எடுக்காதீர்கள், விற்றாலும் வாங்காதீர்கள். 2001 முதல் நம் நாட்டுச் சட்டத்தில் புலி, யானை இருக்கும் பட்டியலில்தான் பவளமும் இருக்கிறது.

4. ஆத்துக்குள்ளே பாலிதீன் பை போடாதீர்கள். அதுவும் போய்ச் சேருவது அதே கடலுக்குத்தான்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியூர்ச் செடியோ மீனோ பாசியோ எதைக் கொண்டுவந்தாலும், லாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இது தப்பித்துப் போனால் யார் பிடிப்பது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் கொண்டு வராதீர்கள்.

வருமுன் காப்போம்! வைப்பாற்றையும் காப்போம்! வளைகுடாவையும் காப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஏழாயிரம்பண்ணை.